உன் கரவனும் என் பொய்யும்

அன்பு மகன் யூட்டுக்கு,

நாங்கள் சுகம், நீங்களும் சுகம்தானே என்று வழக்கம்போலத் தொடங்க எனக்கு இன்று மனம் வரவில்லை. இன்று செவ்வாய். சனிக்கிழமை விடிய நீயும் ஜெனியும் பிள்ளையும் அந்தக் கரவனை, சில்லுப் பூட்டிய அந்தச் சின்ன வீட்டை, காரின் பின்னால் கொழுவிக்கொண்டு வில் நகரிலிருந்து இத்தாலிக் கடற்கரைக்குப் புறப்படுகிறீர்கள். அதற்கு முன் இது உன் கையில் கிடைக்க வேண்டும். ஹோட்டல் குசினியில் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் கிடைக்கும் ஓய்வில், உடுப்பு மாற்றும் அறையின் மர வாங்கில் குந்தியிருந்து எழுதுகிறேன். கை கழுவியும் வெங்காய மணம் போகவில்லை. கடதாசியிலும் மணக்கும், பொறுத்துக்கொள். ரெலிபோனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நேற்று இரண்டு தரம் எடுத்தேன். முதல் தரம் ஜெனி எடுத்தாள். பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, அதனால் காய்ச்சல் என்றாள். இரண்டாம் தரம் நீயே எடுத்தாய். நான் "அங்க மழையோ?" என்று கேட்டேன். நீ "இல்லை அப்பா, நல்ல வெயில்" என்றாய். நான் வைத்துவிட்டேன். உன் அப்பனின் வீரம் அவ்வளவுதான்.

இதன் பிரதி ஒன்று, நம் தமிழ்க் கத்தோலிக்கச் சனங்களுக்கு மாதாமாதம் போட்டோக்கொப்பி எடுத்து அனுப்புகிற மடலுக்கும் போகிறது. ஏன் என்று வாசிக்க வாசிக்க உனக்கு விளங்கும். உன்னைப் பற்றி ஊர் முன்னால் சொன்ன சொல்லை ஊர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். ஆனால் முதலில் வாசிக்க வேண்டியவன் நீ.

ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் உங்களைப் பார்க்க வில்லுக்கு வந்தபோது, நீ எங்களைச் சோறு சாப்பிடக்கூட விடாமல் கரவனைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாய். நல்ல கரவன்தான். திரைச்சீலை எல்லாம் ஜெனியே தைத்துப் போட்டிருக்கிறாள். நீ குனிந்து, கரவனின் மூக்கில் இருக்கும் கொழுவியைக் காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குமிழில் இருத்திப் பூட்டினாய். ஆட்டிப் பார்த்தாய். எழும்பினாய். திரும்பக் குனிந்து ஆட்டினாய். ஜெனி சிரித்துக்கொண்டு, "மூண்டு தரம் பார்க்காட்டி இவருக்கு நித்திரை வராது மாமா" என்றாள். நீ சிரிக்கவில்லை. "அம்மான்ர கை போனது இதாலதான். அண்டைக்கு நான் வடிவாப் பூட்டேல்லை. என்ர பிள்ளைக்கு அப்பிடி நடக்க விடமாட்டன்" என்றாய். அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்தாய், கையைப் பார்க்கவில்லை. ஆறு வருடமாக நீ அந்தக் கையைப் பார்த்ததே இல்லை.

நான் உன் கரவனுக்குள் எட்டிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கச் சாமான். பிள்ளையின் தள்ளுவண்டி, பால்மா டின்கள், இருபது கிலோ அரிசிப் பை, காஸ் அடுப்பு, தண்ணீர்க் கான்கள். பின் சுவரின் வெளியே இரண்டு சைக்கிள். இத்தாலியில் அரிசி விற்காதது மாதிரி! இழுக்கப் போவதோ உன் சின்னக் கார், இரண்டு கதவுக் கார். "தம்பி, பாரம் கொஞ்சம் கூடப்போல கிடக்கு" என்று தொடங்கினேன். நீ என் தோளைத் தட்டி, "கொழுவி சரியா இருந்தா எல்லாம் சரி அப்பா. நீங்கள் சொன்னதுதானே" என்றாய்.

நான் சொன்னதுதான். வில்லிலிருந்து இன்டர்லாக்கனில் எங்கள் வீடு வரும்வரை ரயிலில் உன் சாமான்களின் கிலோவை விரல்விட்டுக் கூட்டிக்கொண்டு வந்தேன். நீ கட்டிப் பிடித்திருக்கும் அந்தப் பாடம் பிழையான பாடம், யூட். அதைக் கற்றுத் தந்தவன் நான். கொழுவியை முப்பது தரம் ஆட்டிப் பார்த்தாலும் அந்தக் காரால் அந்தக் கரவனை இறக்கத்தில் பிடிக்க முடியாது. அன்றைக்கு எங்களைக் கவிழ்த்தது கொழுவி இல்லை, பாரம். அது எனக்கு அப்போதே தெரியும்.

தெரிந்த கதைதான், ஆனால் ஒழுங்காக ஒருதரம் சொல்ல விடு. எட்டு வருடம் இந்தச் சுவிஸ் நாட்டில் திருப்பி அனுப்புவார்களோ என்ற பயத்தோடு இருந்த பிறகு நமக்கு வதிவிட அனுமதி வந்தது. அனுமதி கிடைத்தால் ஐன்சீடல்ன் மாதா கோவில் வாசலில் நூறு பேருக்குச் சோறு கொடுப்பேன் என்று நான் நேர்த்தி வைத்திருந்தேன். ஆகஸ்ட் யாத்திரைக்குப் போக, ஹோட்டலில் குழாய், மின்சாரம் எல்லாம் திருத்துகிற ரூடி தன் கரவனைத் தந்தார். தந்த அன்று என் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். காரின் பதிவுக் கடதாசியைக் கேட்டு வாங்கி, ஒரு எண்ணைத் தொட்டுக் காட்டி ஏதோ நீளமாகச் சொன்னார். நான் "யா, யா" என்று தலையாட்டினேன். உனக்கு அப்போது பத்தொன்பது வயது. பக்கத்தில் நின்று சொன்னாய்: "அப்பா, எங்கட கார் தொள்ளாயிரம் கிலோவுக்கு மேல இழுக்கக் கூடாதாம். கரவன் வெறுமையாவே எழுநூற்றம்பதாம். சாமான் நூற்றம்பது கிலோவுக்கு மேல ஏத்த வேண்டாமாம். பாரமானதைச் சில்லுக்கு மேல, நிலத்தோட வைக்கட்டாம்."

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "எனக்கு விளங்குது. நீ உன்ர வாயைப் பொத்து" என்றேன்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று இப்போது சொல்கிறேன். நியாயம் கேட்கவில்லை, காரணம் மட்டும் சொல்கிறேன். நீ பதினொரு வயதில் இங்கே வந்து ஆறு மாதத்தில் ஜெர்மன் கதைத்தாய். அன்று முதல் அனுமதிக் கந்தோரில் நீ, டொக்டரிடம் நீ, வீட்டுக்காரனிடம் நீ. என் மூலவியாதியைக்கூட ஒரு வெள்ளைக்கார டொக்டருக்கு என் பன்னிரண்டு வயது மகன்தான் விளக்கிச் சொன்னான். உலகம் முழுவதும் என்னோடு உன் வாயால்தான் கதைத்தது. மன்னாரில் நான் உழவு இயந்திரத்தில் நெல்மூட்டை ஏற்றிய பெட்டி இழுத்தவன். இழுவையில் எனக்குத் தெரியாதது இல்லை என்ற எண்ணம். ஒரு விஷயமாவது மகன் சொல்லித்தராமல் எனக்குத் தெரிந்ததாக இருக்கட்டும் என்று பார்த்தேன். உழவு இயந்திரம் மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான் போகும் என்பதையும், மன்னாரில் மருந்துக்கும் ஒரு மலை இல்லை என்பதையும் நான் யோசிக்கவில்லை. கெடுகுடி சொற்கேளாது என்பார்கள். நம் வீட்டில் கேளாமல் இருந்தவன் குடும்பத் தலைவன்.

சாமான் ஏற்றிய விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் தலையிலேயே குட்ட வேண்டும்போல இருக்கும். கரவனின் முன்பக்க வாங்கில் மாதா சுரூபத்தை வைத்தோம். வெள்ளைத் துணி விரித்து, பிளாஸ்டிக் பூ வைத்து, விழாமல் தலையணை அண்டக் கொடுத்து. மாதாவுக்குப் பக்கத்தில் இறைச்சிச் சட்டி வைக்கலாமோ? வைக்கக் கூடாது. அரிசி மூட்டை, அண்டா, ஆட்கள் குந்துகிற கதிரைகள்? அதுவும் மரியாதை இல்லை. ஆகவே முன்பக்கம் முழுக்க மாதாவுக்கு. நூறு பேரின் சோற்றுக்கு வேண்டிய அரிசி, ஆட்டிறைச்சிக் கறி, இரண்டு காஸ் சிலிண்டர், அண்டாக்கள், தேங்காய்ச் சாக்கு, சோடாப் பெட்டிகள், தண்ணீர்க் கான்கள், மடக்குக் கதிரைகள் எல்லாம் சில்லுக்குப் பின்னால், யன்னல்வரை. நீ ஒருதரம், "பின்னுக்குப் பாரம் கூடுது அப்பா" என்றாய். "மாதா முன்னுக்கு இருக்கிறா, அவ பாத்துக்கொள்ளுவா" என்றேன். மாதா சுரூபம் நாலு கிலோ வந்திருக்குமோ என்னவோ.

ஏற்றி முடித்ததும் நீ கொழுவினாய். நான் பக்கத்தில் நின்றேன். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. நீ கையால் மேலே தூக்கிப் பார்த்தாய், அசையவில்லை. பாதுகாப்புக் கம்பியையும் மாட்டினாய். இதை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

புருனிக் மலை ஏறும்வரை கார் முக்கி முனகிப் போனது. இழுக்குது பார், ரூடிக்கு என்ன தெரியும் என்று உன்னிடம் பெருமை அடித்தேன். இழுக்குமோ என்றுதான் நான் வழிமுழுக்கப் பார்த்துக்கொண்டு வந்தேன். நிற்பாட்டுமோ என்று ஒருதரமும் நினைக்கவில்லை. மறுபக்கம் இறங்கும்போது கரவனின் பின்பக்கம் மெல்ல இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. பின்பாரம் கரவனின் மூக்கை மேலே தூக்கியது. காரின் பின்சில்லுக்குத் தரையில் பிடி இல்லாமல் போனது. காரைவிடக் கரவன் பாரம். ஆகவே நான் அதை ஓட்டவில்லை, அதுதான் என்னைத் தள்ளியது. நான் பதறிப் பிறேக்கை ஓங்கி மிதித்தேன். இன்னும் கூட ஆடியது. ஸ்ரேரிங்கை வெட்டினேன். அம்மா "யேசுவே" என்று கத்தியது கேட்டது. கரவன் பக்கவாட்டில் சரிந்து, கொழுவியை முறுக்கிப் பிய்த்துக்கொண்டு புல்வெளியில் உருண்டது. கார் சுழன்று போய் வேலித் தகட்டில் அம்மா இருந்த பக்கமாக மோதியது.

அம்மாவின் வலக் கை இரண்டு இடத்தில் முறிந்தது. பின்னால் இரண்டு வாகனங்களில் வந்த நம் சனம் இறங்கி ஓடி வந்தார்கள். புல்வெளி எங்கும் சோடாப் போத்தல், தேங்காய். அம்மாவை அம்புலன்ஸில் ஏற்றிய பிறகு பொலிஸ்காரர் என்னிடம் வந்தார். நீ முகம் எல்லாம் மண்ணோடு நின்று எனக்குத் தமிழில் சொன்னாய்: "அப்பா, கரவனைக் கொழுவினது ஆர் எண்டு கேக்கிறார்."

சுற்றி நின்ற சனம் முழுவதும் என்னைப் பார்த்தது. என் நேர்த்தி, என் கார், என் பெருமை எல்லாம் புல்லில் கிடந்தது. நான் சொன்னேன்: "நீதானே கொழுவினது. வடிவாப் பூட்டேல்லை எண்டு சொல்லு."

நீ என்னைப் பார்த்தாய். பிறகு திரும்பி, பொலிஸ்காரரின் முகத்தைப் பார்த்து அதை ஜெர்மனில் சொன்னாய். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்கு அந்த மொழி அவ்வளவு வராது. ஆனால் "நான்" என்ற சொல் எனக்கு விளங்கும். என் பொய்யை என் மகனே தன் வாயால், தனக்கு எதிராக மொழிபெயர்த்தான். இந்த உலகத்தில் வேறு எந்த அப்பனுக்கு இது நடந்திருக்கும் என்று தெரியவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்று அதிர்ச்சியில் வாய் தவறிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். தப்பிக்க விடாமல் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஐந்து கிழமை கழித்துப் பொலிஸிலிருந்து கடிதம் வந்தது. நீ வேலைக்குப் போயிருந்தாய், கடிதப் பெட்டியைத் திறந்தது நான். சிதறினதையும் சேர்த்துக் கரவனை நிறுத்திருக்கிறார்கள். ஆயிரத்து இருநூற்று நாற்பது கிலோ. என் கார் வெறுமையாகத் தொள்ளாயிரத்து அறுபது. எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. கொழுவியைப் பற்றி ஒரு வரி இருந்தது. அதை ரூடியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தன் கரவனைப் பறிகொடுத்த மனுசன் அதை வாசித்துவிட்டு, எனக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "பூட்டியிருந்தது. உன் மகன் சரியாகச் செய்திருக்கிறான். போய் அவனிடம் சொல்லு." நான் "யா, யா" என்றேன். வீட்டுக்கு வந்து தண்டத்தைக் கட்டிவிட்டு, கடிதத்தை என் பழைய செபப் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் வைத்தேன். அந்த நாளை வரவே இல்லை. நீ யாத்திரைக்கு வருவதை விட்டாய். பிறகு வில்லில் வேலை கிடைத்தது என்று போனாய். இன்டர்லாக்கனில் வேலை இல்லாமலா போனாய்?

அம்மாவின் கை தோளுக்கு மேல் எழும்பாது என்று உனக்குத் தெரியும். ஹோட்டல் சலவை அறை வேலை அதோடு போனது. இந்த ஆறு வருடமும் அவள் தலையை நான்தான் பின்னிவிடுகிறேன். அதைப் பார்த்துச் சனம், பெண்சாதி என்றால் உயிரை விடுகிற மனுசன் என்று சொல்லும். நானும் கேட்டுக்கொண்டு இருப்பேன். நேற்றுக் காலை பின்னும்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலைமயிரை என் கையிலிருந்து உருவி எடுத்தாள். "அவன் என்ர கையைப் பார்க்காமல் கதைக்கிறது உங்களாலயோ? நான் அவனுக்கு என்னில வெறுப்பு எண்டெல்லோ நினைச்சன்" என்றாள். பிறகு, "இண்டைக்கே அவனுக்குச் சொல்லுங்கோ. பிள்ளையையும் ஏத்திக்கொண்டெல்லோ போகப்போறான்" என்றாள். இன்று காலை ஒரு கையாலேயே துணி சுற்றித் தலையைக் கட்டிக்கொண்டாள். நான் சீப்பை வைத்துக்கொண்டு நின்றேன்.

இப்போது கேள். என்மேல் கோபம் வந்தால் இந்த இடத்தில் கிழித்துப் போடாதே, இதை மட்டும் வாசித்துவிட்டுக் கிழி. உன் காரின் பதிவுக் கடதாசியை எடு. கார் வெறுமையாக எத்தனை கிலோ, எத்தனை கிலோ இழுக்கலாம் என்று அதில் இருக்கும். ஞாயிறு நான் உன் கரவனின் தகட்டைப் பார்த்தேன், முழுப்பாரம் ஆயிரத்து இருநூறு என்றிருக்கிறது. உன் கார் எது என்று ரூடியிடம் சொன்னேன்; அந்தக் கார் வெறுமையாகத் தொள்ளாயிரம்கூட வராது என்றார். அவர் கணக்கு இது: கார் நூறு கிலோ என்றால் கரவன், சாமான், தண்ணீர், காஸ் எல்லாம் சேர்த்து எண்பத்தைந்துக்கு மேல் போகக் கூடாது. இழுக்கலாம் என்று கடதாசியில் இருக்கும் எண்ணையும் தாண்டக் கூடாது. கண்ணால் மதிக்காதே. நானும் கண்ணால்தான் மதித்தேன். போகிறபோது எப்படி ஏற்றுவாயோ அப்படியே ஏற்றி, தோட்டக்காரர்கள் உருளைக்கிழங்கு நிறுக்கிற பாரத்தராசில் கரவனைக் கழற்றி வைத்து நிறுத்துப் பார். பக்கத்து ஊரில் எங்காவது ஒன்று இருக்கும்.

கரவனின் மூக்கு காரின் குமிழை எவ்வளவு அழுத்துகிறது என்பதையும் பார். அதற்குக் குளியலறைத் தராசு போதும். கொழுவிக்குக் கீழே ஒரு மரக்கட்டையை நிமிர்த்தி வைத்துத் தராசின் மேல் இறக்கினால் காட்டும். அது ஐம்பது கிலோவுக்குக் கிட்ட வர வேண்டும். உன் கொழுவிக்கு எவ்வளவு பொறுக்கும் என்று அதிலேயே அடித்திருக்கும். ஒன்றும் காட்டாவிட்டால் பின்பக்கம் தூக்குகிறது என்று அர்த்தம். சைக்கிளை இறக்கு. அரிசியை இறக்கு. பாரமானதைச் சில்லுக்கு மேல் நிலத்தோடு வை. ரயருக்குக் காற்றுப் பார். இறக்கத்தில் சின்ன கியரில் போ. அது ஆடத் தொடங்கினால் என்னைப்போலச் செய்யாதே: காலை எடு, ஸ்ரேரிங்கை நேரே பிடி, வெட்டாதே, வேகத்தைக் கூட்டி இழுத்து நிமிர்த்தப் பார்க்காதே. ஆனால் இது எல்லாம் பாரம் பொருந்திய வண்டிக்குச் சொல்கிற புத்தி. உன் காருக்கும் அந்தக் கரவனுக்கும் எந்தப் புத்தியும் காணாது. அதைக் கொழுவிக்கொண்டு இத்தாலிக்குப் போகிற வழியில் இருக்கும் சான் பெர்னார்டினோ மலை இறக்கத்துக்குப் போகாதே. உன் பிள்ளைக்கு இன்னும் முழுதாகப் பல்லே முளைக்கவில்லை.

ரூடி இப்போது பென்சன் எடுத்துப் பக்கத்து ஊரான பிரியன்ஸில் இருக்கிறார். நேற்றுப் பின்னேரம் போய்க் கேட்டேன். அவரிடம் பாரமான ஸ்ரேஷன் வாகன் இருக்கிறது. கடதாசியில் ஆயிரத்து ஐந்நூறு இழுக்கலாம் என்று இருக்கிறது. இரண்டு கிழமைக்கு உனக்குத் தருகிறாராம். மகன் ஓட்டுவதென்றால் தருவேன், நீ ஓட்டுவதென்றால் இல்லை என்றார். வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டிருக்கிறேன். அவர் காரில் அவரும் நானும் வில்லுக்கு வருவோம், மத்தியானத்துக்குள் நிறுத்துப் பார்த்துவிடலாம். உன் வாசலில் நிற்க எனக்கு முகம் இல்லை. நீ உள்ளே கூப்பிட வேண்டாம். ரூடி கார்த் திறப்பைத் தருவார், நான் கீழே நிற்கிறேன். அம்மா வருவாளோ என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் காலையில் அவள் உனக்குப் பலகாரம் சுட மா அரித்துக்கொண்டிருந்தாள், ஒரு கையால்.

மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நிறுத்துப் பார்க்கச் சொல்லித்தான் கேட்கிறேன்.

பொலிஸ் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். எத்தனையோ வருடம் எனக்கு வந்த கடிதம் எல்லாவற்றையும் நீதான் வாசித்துச் சொன்னாய். உனக்கு மறைத்தது இது ஒன்றுதான். இரண்டாம் பக்கத்தில், நடுவில், ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். ஜெனியைக் கூப்பிட்டு அவளுக்கு முன்னால் சத்தமாக வாசி. பிறகு அதைத் தமிழில் சொல்லு, யூட். இந்த முறை உனக்காகச் சொல்லு.

அப்பா